நெசவும் நிலக்கரியும்

காஞ்சிமாநகரின் நெசவாளர் குடியிருப்புகளுள் பேர்பெற்றது பிள்ளையார்பாளையம். அங்குள்ள வீடுகளில் தறியின் ஒரு பாதி தரைக்குக் கீழே இருக்கும். நெசவாளர் குழியில் கால்களை இறக்கி மிதிகளை மிதித்துக்கொண்டு, தரையோடு தரையாக அமர்ந்து நெய்வர். குழித்தறி என்பது அதன் பெயர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் அக்குழியில் நீர் ஊறும். நீர் ஊறிய குழியில் அமர இயலாது; தெருவில் பாவு நீட்டவும் இயலாது. வானம் வெளுத்த பின்னும் குழி காய்வதற்கு நாட்கள் பல செல்லும். அந்நாட்களில் அவ்வீட்டுக்குக் கூலி இல்லை.

இவ்விழப்பு புதியதன்று. ஆண்டுக்கு இத்தனை நாள் மழைக்கு, இத்தனை நாள் தறிக்கு என்று கணக்கிட்டே அக்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளன. அந்தக் கணக்கு நம் காலத்தில் பிசகத் தொடங்கியிருக்கிறது. அது ஏன் பிசகியது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். விடை காண்பதற்குக் காஞ்சியை விட்டு நெடுந்தொலைவு சென்று, இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரத்துப் புகைபோக்கிகளைக் கண்டு திரும்ப வேண்டியிருக்கிறது. வாசகர் பொறுத்தருள்வாராக.

மதரஸாக்களில் பழைய புவியியல் நூல்களைப் புரட்டியோர் 'இக்லீம்' என்னும் சொல்லை அறிவர். கிரேக்க மொழியிலிருந்து அரபிக்கு வந்த சொல் அது. ஆங்கிலேயர் வழங்கும் 'கிளைமேட்' என்னும் சொல்லும் அதே வேரிற் கிளைத்ததாகும். மனிதர் வாழும் நிலப்பரப்பை ஏழு இக்லீம்களாக அக்காலத்து அறிஞர் பகுத்தனர். சிசிலி மன்னருக்காக கி.பி. 1154இல் உலகப் படம் வரைந்தளித்த அல் இத்ரீஸீ அப்பகுப்பையே மேற்கொண்டார். இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் வெப்பமும் தட்பமும் மனிதரின் நிறத்தையும் குணத்தையும் வாழ்க்கை முறையையும் எவ்வாறு உருவாக்குகின்றன என்று விரித்துரைத்தார். இக்லீம் மனிதனை என்ன செய்கிறது என்பதே அப்பெருமக்கள் எழுப்பிய வினா. மனிதன் இக்லீமை என்ன செய்வான் என்னும் வினாவை அவர்கள் எழுப்பவில்லை. விறகும் சாணமும் எரிந்த காலத்தில் அதை எழுப்பக் காரணமும் இருக்கவில்லை.

எனினும் அல்குர்ஆனின் 'அர்ரூம்' அத்தியாயத்தில், தரையிலும் கடலிலும் தோன்றும் 'ஃபஸாத்' மனிதரின் கைச்செயலோடு இணைத்துப் பேசப்படுவதை ஓதியோர் அனைவரும் அறிவர். நம் மேடைகளில் அச்சொல்லுக்குக் கலகம், குழப்பம் என்றே பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். அகராதி வழியே நோக்கின், நன்னிலையில் இருந்த ஒன்று கெட்டுப்போதலே அதன் முதற்பொருள். ஆக்கிவைத்த உணவு ஊசிப்போவதற்கும் அரபு நாட்டார் அச்சொல்லைத்தான் வழங்குகின்றனர். காற்றும் கடலும் கெடுதல் என்பது இப்பொருளுக்கு மிக அணுக்கமானதாகும்.

இனி நிலக்கரியின் வரலாற்றுக்கு வருவோம். சோழமண்டலக் கரையின் கைத்தறித் துணி கீழ்த்திசை நாடுகளை உடுத்திய காலம் ஒன்று இருந்தது. பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து நம் மரக்காயர்களின் கப்பல்கள் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் துணிப்பொதிகளை ஏற்றிச் சென்றன. பழவேற்காட்டுக் கைலியின் பெயர் இன்றும் நம் இல்லங்களில் வழங்குகிறது. நெய்தவர் வேறு குலத்தார். கடல் கடத்தி விற்றவர் நம்மவர். அந்தத் தறி நின்றால் இந்தக் கப்பலும் நிற்கும் என்னும் உறவு இருவர்க்கும் இருந்தது.

ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறியில் தாம் செய்த திருத்தத்துக்கு 1769இல் காப்புரிமை பெற்றார். எட்மண்ட் கார்ட்ரைட் 1785இல் விசைத்தறியை வகுத்தார். சில பத்தாண்டுகளுக்குள் லங்காஷயர் மாநிலத்தில் நிலக்கரி எரித்த ஆவியால் நூற்பும் நெசவும் இராப்பகலாக நடைபெறலாயின. கைத்தறிக்காரர் ஒருவர் பல நாள் நெய்யும் துணியை அந்த ஆலை மிகச் சிறு பொழுதில் தள்ளிற்று. கும்பினி ஆட்சியும் அதன் சுங்கக் கொள்கையும் அதற்குத் துணை நின்றன. ஆவி தனித்து நின்று வென்றது என்று கூறுதல் சரித்திரத்துக்கு நீதி செய்வதாகாது. எவ்வாறாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நம் கரையோரத் தறிகள் பல ஓய்ந்தன. நெய்தவர் கூலி வேலைக்குப் போயினர். துணி ஏற்றிய கப்பல்களும் குறைந்தன. நிலக்கரி நெசவாளரைத் தாக்கியது அதுவே முதன்முறை. அன்று சந்தை வழியாக வந்தது.

காஞ்சிப் பட்டு அத்தாக்குதலில் பிழைத்தது. உடல் ஒரு வண்ணம், கரை வேறு வண்ணம் என மூன்று நாடாக்கள் கொண்டு கோர்வை போட்டு நெய்யும் அந்நுட்பத்தை அன்றைய விசைத்தறியால் செய்ய இயலாமையே அதற்கு முதற்காரணம் என்பது நம் கருத்து. அப்பட்டு நூலின் வரலாறும் ஈண்டு ஒரு சொல் கூறத் தக்கது. காஞ்சித் தறிகளுக்கான நூல் பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்து வருகிறது. அந்நாட்டில் வங்கத்திலிருந்து பட்டுப்புழுக்களை வருவித்து அத்தொழிலை ஊன்றியவர் திப்பு சுல்தான் ஷஹீத் அவர்கள். இளவரசராயிருந்த காலத்தில், 1780 செப்டம்பரில், காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் பெய்லியின் படையை வளைத்துப் பிடித்தவரும் அவரே. உதவிக்கு வராமல் காஞ்சியில் தங்கியிருந்த ஹெக்டர் மன்றோ, தம் பெரும் பீரங்கிகளை அவ்வூர்க் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அந்தப் போர்க்களத்தை எல்லோரும் பேசுகின்றனர். அதே கரங்கள் நட்ட முசுக்கட்டைச் செடியை நினைப்போர் சிலரே.

அவ்வாறு எரிந்த நிலக்கரி எங்கே போயிற்று? ஆலைக்காரர் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு வேலை முடிந்ததென்று எண்ணினர். எரிபொருளில் உள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கரியமிலவாயுவாகி மேலே சென்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆதலின் அதைக் கணக்கில் வைத்தாரில்லை. இவ்வாறு வெளிவிடப்படுவதிற் பாதியளவைக் கடலும் காடும் உட்கொள்கின்றன. எஞ்சியது வானில் தங்குகிறது. தங்கியதில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் பல கழிந்தும் நீங்குவதில்லை. நம் கரையோரத் தறிகளை ஓயச் செய்த அந்த ஆலைப்புகையின் ஒரு கூறு இன்னும் நம் தலைக்கு மேலே இருக்கிறது என்பது கற்பனையன்று, கணக்கு.

அவ்வாயுவின் தன்மை யாதெனின், வெயிலைத் தடையின்றி உள்ளே விடும். சூடேறிய நிலம் திருப்பி அனுப்பும் வெப்பத்தையோ எளிதில் வெளியே விடாது. இதனை முதலில் சோதித்தறிந்தவர் யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. கண்ணாடிக் குழல்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து, கரியமிலவாயு நிறைந்த குழலே மிகுதியாகச் சூடேறுவதை 1856இல் எழுதினார். அவர் கட்டுரையை அறிஞர் அவையில் வேறோர் ஆடவரே படித்தார். பின்னர் நெடுங்காலம் அவரை உலகம் மறந்திருந்தது. அயர்லாந்தில் பிறந்த ஜான் டிண்டால் 1859 முதல் நுட்பமான கருவிகளால் அளந்து, தடுக்கப்படுவது நிலத்திலிருந்து எழும் வெப்பமே என்று நிறுவினார். சுவீடன் நாட்டு அரேனியஸ் 1896இல், வானிலுள்ள கரியமிலவாயு இருமடங்கானால் புவி எவ்வளவு சூடேறும் என்று தாளில் கணக்கிட்டுக் காட்டினார். குளிர்நாட்டவராதலின் அது தம் மக்களுக்கு நல்வாழ்வு தரும் என்றே அவர் கருதினார். அவர் வெயிலில் நின்று பாவு நீட்டியவரல்லர். வெப்பம் ஏறத் தொடங்கிவிட்டது என்று பல நாட்டு வெப்பமானிப் பதிவுகளைத் திரட்டி 1938இல் முதலில் வாதிட்ட கை காலண்டர், தொழிலால் நீராவிப் பொறியாளர். இஃது ஒரு விந்தையே.

நம் தமிழகத்தின் பங்கும் இவ்வரலாற்றில் உண்டு. மதுரையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் இராமநாதன், இளமையில் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்து வாயு கசியும் சிக்கலை ஆராயும் வேலையில் இருந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, அப்பெட்டிகளில் நிரப்பப்பட்ட அதே வாயுக்களின் ஓர் அணு மூலக்கூறு, கரியமிலவாயுவின் ஒரு மூலக்கூற்றைப் போல் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் என்று 1975இல் கண்டறிந்து வெளியிட்டார். புவியைச் சூடாக்குவது கரியமிலவாயு ஒன்றே என்று எண்ணியிருந்த அறிவுலகத்தை அது திடுக்கிடச் செய்தது. சாணமும் கால்நடையும் நெல்வயலும் விடும் மீத்தேன் முதலிய பிற வாயுக்களையும் பின்னர் ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்க்கலாயினர்.

அளவு என்ன என்று வாசகர் கேட்பர். ஆலைகள் தோன்றுமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமிலவாயு ஏறத்தாழ 280 பங்கு. ஹவாய்த் தீவின் மௌனலோவா மலைமேல் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315. காஞ்சியில் ஒரு கணக்குண்டு. வரதராசப் பெருமாள் கோயில் குளத்துள் இருக்கும் அத்திமரச் சிலையை நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து மக்களுக்குக் காட்டுவர். நம் மார்க்கத்துக்குப் புறம்பானதாயினும், ஊரார் பலர் தம் வயதையும் பிள்ளைகளின் பிறப்பையும் அதைக் கொண்டே சொல்வதால், அவ்வளவுகோலை நாமும் ஒரு முறை எடுத்துக்கொள்வோம். அச்சிலை 1979இல் எடுக்கப்பட்டபோது அளவு ஏறத்தாழ 337. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் ஜெனீவாவில் முதல் உலகக் காலநிலை மாநாடு கூடிற்று. அடுத்து 2019இல் எடுக்கப்பட்டபோது 411. முதல் ஆலையிலிருந்து 1979 வரை ஏறத்தாழ இருநூறாண்டில் ஏறியது 57 பங்கு. அதன்பின் நாற்பதே ஆண்டில் ஏறியது 74 பங்கு. அப்பழைய ஆலைகளின் மேல் மட்டும் பழிபோட்டுவிட்டு நம் தலைமுறை தப்பித்துக்கொள்ள இக்கணக்கு இடந்தரவில்லை. இன்று அது 420ஐயும் கடந்து நிற்கிறது. உலகின் சராசரி வெப்பம், ஆலைகளுக்கு முந்திய நிலையைவிட ஒன்றரை டிகிரி மிகுந்த முதல் ஆண்டாக 2024 அமைந்தது.

ஒன்றரை டிகிரி என்றதும் நகைப்போர் உளர். காலைக்கும் நண்பகலுக்கும் அதைவிடப் பெரிய வேறுபாட்டை நாளும் காண்கிறோமே என்பர். மனித உடலின் சூடு ஒன்றரை டிகிரி ஏறினால் அதைக் காய்ச்சல் என்கிறோம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக ஈரத்தைச் சுமக்க வல்லதாகிறது. சுமந்ததைச் சில நேரங்களில் ஒரே மூச்சில் கொட்டுகிறது. சில காலங்களில் நிலத்தின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு கொட்டாமலே போகிறது. பல வாரங்களில் பரவிப் பெய்ய வேண்டிய மழை சில நாட்களில் பெய்துவிடின், ஆண்டு மொத்தக் கணக்கில் குறையொன்றும் தெரியாது. குழித்தறிக்காரருக்கும் ஏரிக்கும் அது தெரியும்.

தொண்டை மண்டலம் அண்மையில் கண்டவற்றை நினைவுகூர்வோம். 2015 நவம்பரிலும் டிசம்பர் முதல் நாட்களிலும் பெய்த பெருமழையில் சென்னையும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டமும் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. நெடுங்காலம் மணற்காடாய்க் கிடந்த பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டது. ஒரு கையில் வெள்ளமும் மறு கையில் வறட்சியுமாக ஆறே ஆண்டுகளில் இத்தனையும் கண்டோம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை கூறாதிருக்க இயலவில்லை. வந்த வெள்ளமெல்லாம் புகையினால் வந்ததே என்று கூறுதல் ஆய்வறிவுக்கு ஏற்றதன்று. பாலாற்று வெள்ளம் 1903இலேயே வாணியம்பாடியை அழித்திருக்கிறது. சென்னை இராஜதானியில் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட 1876-78 பஞ்சம், காற்றில் கரியமிலவாயு மிகுமுன் நேர்ந்தது. 2015 பெருமழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிஞர் குழுவினர், அதிற் புவி வெப்பத்தின் பங்கைத் தெளிவாகக் கண்டறிய இயலவில்லை என்றே மறு ஆண்டு எழுதினர். உண்மையை மிகைப்படுத்துவோர் அதன் பகைவர்க்கே உதவுகின்றனர். தனியொரு மழையைச் சுட்டிக் கூறுவது அரிது. உலகெங்கும் கடுமழையும் கடும் வெப்பமும் மிகுந்து வருகின்றன, அதற்கு மனிதச் செயலே காரணம் என்பதிலோ ஐயமில்லை. 2021இல் வெளிவந்த பன்னாட்டு அரசுகளின் அறிஞர் குழு அறிக்கை அதனை ஐயத்துக்கு இடமற்றது என்றே தீர்த்துக் கூறியது.

தறிக்கு வரும் தீங்கு மழையோடு நிற்பதில்லை. பட்டுப்புழு மிக மென்மையான உயிர். வளர்ப்பு மனையின் வெப்பம் 24 முதல் 28 டிகிரிக்குள் இருத்தல் நலம்; முப்பதைத் தாண்டினால் புழு நோயுறும், கூடு மெலியும், இழையின் தரம் தாழும். திப்பு சுல்தான் ஊன்றிய தொழில் மைசூர் மேட்டுநிலத்தில் வேர்கொண்டது அந்நிலத்தின் இதமான வெப்பத்தினாலேயே. அவ்விதம் குலைந்தால் காஞ்சியில் நூல் விலை ஏறும். நிலக்கரி நெசவாளரை இரண்டாம் முறை தாக்குவது இவ்வாறு. இம்முறை வானத்தின் வழியாக வருகிறது. கோர்வையின் நுட்பம் இதைத் தடுத்து நிறுத்தாது. அதிலும் கொடிது, கைத்தறி நெய்வோர் நிலக்கரியில் ஒரு பிடியும் எரிக்காதவர். கையும் காலும் இயக்க ஓடுவது அவர்தம் தறி.

மழை மாறி மாறிப் பெய்யும் நாடு இதுவென்று நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். காஞ்சிக்கு வடக்கே கூரம் என்னும் ஊரில் கிடைத்த செப்பேடு, ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மப் பல்லவன் ஏரி வெட்டி, அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் கொணர்ந்ததைக் கூறுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) ஏரி வாரியம் என ஒரு குழுவைக் குடவோலை இட்டுத் தேர்ந்த முறையை விரித்துரைக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அதில் இடம் பெறலாகாது என்ற விதி அதில் உள்ளது. நம் ஜமாஅத் நிர்வாகங்களில் அவ்விதியை எழுதிவைப்பின் எத்துணை நன்றாயிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது, அது நிற்க. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763இல் இப்பகுதியைக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். மைசூர்ப் போரில் பாழ்பட்ட அதன் ஏரிகளைப் பிற்பாடு 1790களில் பிளேஸ் என்னும் கலெக்டர் முயன்று செப்பனிட்டார். ஏரியை ஊராரே கூடிச் சீர்செய்யும் வழக்கத்துக்குக் 'குடிமராமத்து' என்று பெயர். 'குடி' தமிழ்ச் சொல். 'மராமத்து' பழுதுநீக்கலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பாரசீகம் வழியே வந்த சொல். இரு மொழியும் ஒரே கரையில் மண் சுமந்ததற்கு அச்சொல்லே சான்று. அவ்வழக்கம் நலிந்து கிடந்து, 2017இல் தமிழக அரசால் மீண்டும் தொடங்கப்பெற்றது. ஏரியின் நீர்வரத்தில் வீடு கட்டிக்கொண்டு, வெள்ளம் வரும்போது வானத்தை நொந்து பயனில்லை. காஞ்சியின் ஓரம் ஓடும் வேகவதி ஆறு சாக்கடையும் சாயநீரும் ஆக்கிரமிப்புமாகச் சுருங்கியதற்கு மான்செஸ்டரைக் குறை கூறவும் இயலாது.

இந்த இடத்தில் நம் சமுதாயத்தின் கையையும் நாம் திருப்பிப் பார்க்க வேண்டும். 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. அன்று முதல் நம் ஊர்களின் மாடிவீடுகள், பள்ளிவாசல் மினாராக்கள், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றில் பெரும்பங்கு அவ்வெண்ணெயின் வழியே வந்தது. அது ஹலாலான உழைப்பு; அதிற் குறை காண நாம் வரவில்லை. ஆனால் நம் செழிப்பு எதை எரித்து வந்தது என்று அறிந்திருத்தல் அறிவுடைமை. அவ்வாறே பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் நம்மவர் பலர் நடத்திய தோல் பதனிடும் தொழில் ஆயிரக்கணக்கானோர்க்குச் சோறிட்டது, ஆற்றையும் கெடுத்தது. உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வேலூர் மக்கள் நலமன்ற வழக்கில் அளித்த தீர்ப்பில், மாசு செய்தவரே அதற்குரிய ஈட்டைச் செலுத்த வேண்டும் என்னும் விதியை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. ஃபிக்ஹு கற்றோர்க்கு அது புதிய செய்தியாகத் தோன்றியிராது. பிறர்க்குத் தீங்கிழைத்தல் ஆகாது, இழைத்த தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது நம் சட்ட அறிஞர்களின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் சுற்றிலும் இத்தனை முழம் 'ஹரீம்' என்று ஒதுக்கி, அதிற் பிறர் கை வைக்கலாகாது என்று வரையறுத்தவர்களும் அவர்களே.

வானத்துக்கு ஹரீம் வகுப்பார் யார் என்பதே இன்றைய வழக்கு. மாசு செய்தவர் ஈடு தருக என்னும் விதியைக் காற்றின் மேல் வைத்துப் பார்த்தால், கணக்கு ஒழுங்காக இல்லை. இந்தியர் ஒருவர் ஆண்டில் வெளிவிடும் கரியமிலவாயு, அமெரிக்கர் ஒருவர் வெளிவிடுவதில் ஏறத்தாழ ஏழில் ஒன்று. அவ்விந்தியருள்ளும் குளிர்சாதன அறையில் உறங்குபவர் பங்கும் குழித்தறியில் அமர்ந்தவர் பங்கும் ஒன்றல்ல. 1992இல் ரியோ நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. 1997இல் கியோட்டோவில், 2015இல் பாரிஸில் மேலும் செய்தன. தீங்குற்ற ஏழை நாடுகளுக்கு உதவ ஒரு நிதி என்பதை 2022இல் எகிப்து நாட்டு ஷர்முஷ் ஷைக் மாநாட்டில்தான் ஒப்புக்கொண்டனர். இதுவரை கிடைத்த தொகை நேர்ந்த தீங்குக்கு முன் மிகச் சிறிது. நம் நாடு 2070க்குள் தன் புகைக்கணக்கை நேர் செய்வதாக வாக்களித்திருப்பினும், நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது.

தடுக்க இயலாது என்று சோர்வதற்கும் இடமில்லை. இராமநாதன் கண்டு சொன்ன அக்குளிர்சாதன வாயுக்களை ஒழிக்க 1987இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. அது பெரிதும் நிறைவேறியது. வான்கூரையாகிய ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. அவ்வாயுக்களுக்கு மாற்றாக வந்தவையும் வெப்பம் பிடிப்பவை என்று கண்டபின், 2016இல் கிகாலியில் அவற்றைக் குறைக்கவும் உடன்பட்டனர். நோயை அறிந்தோர் சொன்னதை ஆள்வோர் கேட்ட அரிய நிகழ்ச்சி அது.

முஸ்லிம் உலகமும் வாளாவிருக்கவில்லை. இலங்கையில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய ஃபஸ்லுன் காலித் என்னும் அறிஞர் பல்லாண்டுகள் இப்பணியில் உழைத்தவர். அவர் போன்றோரின் முயற்சியால் 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் உலகளாவிய காலநிலை குறித்த இஸ்லாமியப் பிரகடனம் வெளியாயிற்று. 2024இல் 'அல்மீஸான்' என்னும் விரிவான உடன்படிக்கை நூல் வந்தது. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் தன் கூரையில் சூரியத் தகடுகளைப் பதித்து, ஒளூச் செய்த நீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்துகிறது. ஓடும் ஆற்றங்கரையிலும் ஒளூவில் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். நம் பள்ளிவாசல் ஹவுளுகளின் கழிவுநீர் தெருவில் ஓடுவதைக் காணும்போது வருந்தத்தான் வேண்டியிருக்கிறது. மழைநீரைச் சேகரிக்கச் சட்டம் 2003இலேயே இங்கு வந்துவிட்டது.

இப்பொருள் நமக்கு எத்துணை அணுக்கமானது என்பதை 2024 ஜூன் மாதம் நடைபெற்ற ஹஜ் காட்டியது. மக்காவின் புனிதப் பள்ளியில் வெப்பம் 51.8 டிகிரி வரை ஏறிற்று. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் உயிர்நீத்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களிற் பெரும்பாலோர் அனுமதிச்சீட்டு இன்றி வந்தோர். அதனால் குளிரூட்டிய கூடாரமும் ஊர்தியும் கிடையாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தோர். வெப்பத்தின் முன்னும் செல்வமும் வறுமையும் வெவ்வேறு வரிசையில் நிற்கின்றன. அல்லாஹ் அவர்கள் அனைவர் மீதும் ரஹ்மத் செய்வானாக.

பிறைக்கணக்கால் ஹஜ் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னே நகர்கிறது. ஆதலின் வரும் ஆண்டுகளில் அது வேனிலை விட்டு விலகிச் செல்லும். சூடான் நாட்டில் பிறந்த பேராசிரியர் அல்ஃபாத்திஹ் அல்தாஹிர் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2047 முதல் 2052 வரையிலும் பின்னர் 2079 முதல் 2086 வரையிலும் ஹஜ் மீண்டும் கடும் வெப்ப மாதங்களில் விழும். புகையை இன்று குறைத்தால் அன்றைய அபாயம் பெரிதும் குறையும். இன்று மக்தபில் அலிஃப் பா ஓதும் பிள்ளைகள் அப்போது பெற்றோரை அழைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குச் செல்லும் வயதினராய் இருப்பர்.

பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்புவோம். அங்குள்ள இளைஞர் பலர் தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறுகின்றனர். மாதச் சம்பளம் மழையில் நனைவதில்லை. அவர்களைக் குறை கூற நமக்கு வாயில்லை. எஞ்சியிருப்போர் பொருட்டு நாம் கருதுவது ஒன்றுண்டு. மழை மிகுந்து குழித்தறி நின்ற நாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை ஈடாகத் தர ஒரு நிதி வேண்டும். தறிக்குழியின் சுவரைச் சிமெண்டால் பூசி நீர் ஊறாமற் செய்யவும் அதிலிருந்தே உதவலாம். நெய்வோர் பெரும்பாலும் பிற சமயத்தவர். ஸதகாவுக்கு அது தடையன்று. கூட்டுறவுச் சங்கங்களும் பட்டு விற்போரும் நம் வணிகர்களும் சேர்ந்தால் நிதி திரளும். கணக்கை ஆண்டுதோறும் ஊரார் முன் படிக்க வேண்டும். படிக்காதவரை அடுத்த ஆண்டு அதில் வைக்கலாகாது. உத்திரமேரூரார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் செய்தது அதுவே.